மார்புப் பெருந்தமனி வீக்கம்: கண்டறிந்த நாள் முதல் அறுவைக்குப் பின் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்யப் போனவருக்கு முன்பரிசோதனையாக எக்கோ எடுக்கிறார்கள். விடாத இருமலுக்குப் போனவருக்கு மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். போன காரியத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: ஏறு பெருந்தமனி விரிந்துள்ளது, 4.6 செ.மீ. மார்புப் பெருந்தமனி வீக்கம் பெரும்பாலும் இப்படித்தான் கண்ணில் படுகிறது. வலி கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. அந்த வரியைப் படிக்கும்வரை அவர் தன்னை ஆரோக்கியமான மனிதராகத்தான் நினைத்திருந்தார்.

அதன் பிறகு சிலர் அன்றிரவே இணையத்தைத் துழாவி, எந்த நொடியும் வெடித்துவிடும் என்று நம்பித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இன்னும் பலர் "உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். என் கவலை அதிகமும் இந்த இரண்டாமவர்களைப் பற்றியது. நெஞ்சுக்கூட்டுக்குள் வரும் நோய்களில் இவ்வளவு அவகாசம் கொடுக்கும் நோய் குறைவு. பெரும்பாலோருக்கு இது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் வளர்கிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டவருக்கு, நாள் குறித்துச் செய்யும் அறுவை. விட்டவருக்கு நள்ளிரவில் அவசர அறுவை, அதுவும் மருத்துவமனை போய்ச் சேர்ந்தால். அனுபவமுள்ள மையங்களில் ஏறு பெருந்தமனியைத் திட்டமிட்டு மாற்றும்போது 100 பேரில் இரண்டு மூன்று பேரை இழக்க நேரலாம். அதே குழாய் கிழிந்த பிறகு அறுவை செய்தால் அந்த எண்ணிக்கை 15 முதல் 25 வரை போகிறது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் உங்களை முதல் கணக்கிலேயே வைத்திருக்கத்தான்.

முதல் படி: வீக்கம் எந்த இடத்தில் என்று பாருங்கள்

பெருந்தமனி இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படுகிறது. வால்வை ஒட்டிச் சற்றே புடைத்திருக்கும் தொடக்கம்தான் வேர்ப் பகுதி. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு கரோனரி தமனிகளும் இங்கிருந்து கிளைக்கின்றன. அதற்கு மேலே ஏறு பெருந்தமனி. பிறகு குழாய் பின்னோக்கி வளைகிறது. தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் இந்த வளைவிலிருந்து பிரிகின்றன. வளைவைத் தாண்டி முதுகெலும்பை ஒட்டிக் கீழே போவது இறங்கு பெருந்தமனி. உதரவிதானத்தைக் கடந்ததும் அது வயிற்றுப் பெருந்தமனி ஆகிவிடும். 1955இல் ஐன்ஸ்டைனின் உயிரைப் பறித்தது அந்த வயிற்றுப் பகுதியின் வீக்கம். அதன் காரணங்களும் சிகிச்சையும் பல விதத்தில் வேறு, இங்கே அது வராது.

உங்கள் ரிப்போர்ட் வேர், ஏறு பகுதி, வளைவு, இறங்கு பகுதி என்ற நான்கில் எதைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். இதுதான் பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வேரிலும் ஏறு பகுதியிலும் வரும் வீக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் சுவரின் பிறவிப் பலவீனமோ வால்வுக் கோளாறோ இருக்கும். அதைச் சரிசெய்ய நெஞ்சைத் திறந்தாக வேண்டும். இறங்கு பகுதியின் வீக்கத்தோடு புகைப்பழக்கம், கொழுப்புப் படிவு, நெடுநாள் ரத்த அழுத்தம் ஆகியவை அதிகம் சேர்ந்து வரும். அதைப் பல வேளைகளில் தொடை வழியாகவே சரிசெய்துவிடலாம்.

வயது வந்த ஒருவருக்கு ஏறு பகுதியின் விட்டம் சுமார் 3 முதல் 3.5 செ.மீ., இறங்கு பகுதி சுமார் 2.5 செ.மீ. இருக்கும். அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2022இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வேரோ ஏறு பகுதியோ 4 செ.மீ. எட்டினால் விரிவு, 4.5 எட்டினால் வீக்கம்.

இரண்டாம் படி: ஏன் வந்தது என்று தேடுங்கள்

பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. நடு அடுக்குதான் உழைப்பாளி. அதில் எலாஸ்டின் என்ற மீள்நார்களும் தசைச் செல்களும் தகடு தகடாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் விரிந்து சுருங்குவது அவற்றால்தான். நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை இது நடக்கிறது. எலாஸ்டினை உடல் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உருவாக்குகிறது. பிறகு சிதைந்தது சிதைந்ததுதான், புதிதாக வளராது. முதுமையும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் புகையும் இந்த நார்களை மெல்ல அறுக்கின்றன.

சிலருக்குச் சுவர் பிறவியிலேயே பலவீனமாக அமைந்துவிடுகிறது. இவர்களைத்தான் நாம் தவறவிடக் கூடாது. மார்ஃபான் நோய்க்குறியில் ஃபிப்ரிலின் என்ற புரதத்தின் மரபணு பழுதாகியிருக்கும். அந்த மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. சராசரியைவிட உயரம், உயரத்தையும் மிஞ்சும் கை விரிப்பளவு, மெலிந்து நீண்ட விரல்கள், குழிந்த அல்லது முன்தள்ளிய மார்பெலும்பு, கண்ணில் வில்லை இடம்பெயர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். 2005இல் விவரிக்கப்பட்ட லோயிஸ்-டீட்ஸ் நோய்க்குறி இன்னும் மூர்க்கமானது, சிறிய அளவிலேயே கிழியக்கூடியது. அதற்கு ஓர் எளிய தடயம் உண்டு. வாயைத் திறந்து பார்த்தால் உள்நாக்கு சிலருக்கு அகன்றோ இரண்டாகப் பிளந்தோ இருக்கும். டார்ச் ஒன்று போதும், ஆனால் பார்க்கிறவர்கள் குறைவு.

பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான். அவர்களில் கணிசமானோருக்கு ஏறு பகுதி விரிகிறது. வீக்கம் என்று வந்தால் வால்வு எத்தனை இதழ் என்று கேளுங்கள். இரட்டை இதழ் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் குழாயின் அளவைக் கேளுங்கள்.

இளம் பெண்களுக்கு வந்தால் டகயாசு தமனி அழற்சியையும் நினைக்க வேண்டும். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் டகயாசு முதலில் விவரித்த இந்நோய் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் அதிகம். கையில் நாடித் துடிப்பு கிடைக்காமல் போவதும், இரு கைகளின் ரத்த அழுத்தம் வெகுவாக வேறுபடுவதும் இதன் அறிகுறிகள். அழற்சியை மருந்தால் அடக்கிய பிறகுதான் அறுவை யோசனை என்பதால் காரணம் தெரிவது இங்கே மிக முக்கியம். பென்சிலின் வருமுன் சிஃபிலிஸ் பெரிய காரணமாக இருந்தது. இன்று அபூர்வம்.

மூன்றாம் படி: அளவைச் சரியாக எடுங்கள்

எக்கோவில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. வேரும் ஏறு பகுதியின் தொடக்கமும் அதில் நன்றாகத் தெரியும். வளைவும் இறங்கு பகுதியும் சரியாகத் தெரியாது. ஓரிடத்தில் வீங்கியவருக்கு வேறோர் இடத்திலும் வீக்கம் ஒளிந்திருக்கலாம். அதனால் முதல் முறை கண்டறிந்ததும் முழுப் பெருந்தமனியையும் சி.டி. ஆஞ்சியோகிராமிலோ எம்.ஆர்.ஐ.யிலோ ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பல ஆண்டு கண்காணிப்பு காத்திருக்கும் இளைஞர்களுக்கு, கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. நல்லது. சி.டி.க்குச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் முன்பே கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துடிப்புக்கும் வேர்ப் பகுதி அசைவதால் சாதாரண சி.டி.யில் படம் கலங்கும். இ.சி.ஜி.யோடு இணைத்து எடுக்கும் சி.டி.யில் கலங்காது. குழாயின் போக்குக்கு நேர்குறுக்காக அளக்காமல் சாய்வாக அளந்தால் வட்டம் நீள்வட்டமாகி, இல்லாத வீக்கம் இருப்பதாகக் காட்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் இரண்டு அளவுகளுக்கு நடுவே 2, 3 மில்லிமீட்டர் வேறுபாடு சகஜம். போன வருடம் எக்கோவில் 4.4, இந்த வருடம் சி.டி.யில் 4.7 என்றால் அது வளர்ச்சி என்று சொல்ல முடியாது. ஒரே வகைச் சோதனை, இயன்றால் ஒரே மையம், அதே இடத்தில் அளவு. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வளர்ந்ததா என்று சொல்ல வேண்டும்.

அதனால் ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு நோட்டில் தேதி, சோதனை, எந்த இடம், எத்தனை செ.மீ. என்று எழுதி வாருங்கள். ஐந்து வருடம் கழித்து ஓர் அறுவை நிபுணர் முன் உட்காரும்போது அந்த ஒரு பக்கம் எத்தனையோ சோதனைகளை மிச்சப்படுத்தும்.

முதல் கண்டறிதலுக்குப் பின் 6 முதல் 12 மாதத்தில் மறுபடி ஒரு படம். அளவு நிலையாக இருந்தால் பிறகு ஆண்டுக்கொரு முறை, சிறிய வீக்கமென்றால் இரண்டு ஆண்டுக்கொரு முறைகூடப் போதும். மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி குறையும்.

நான்காம் படி: நோய் நகரும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஏறு பகுதி ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். இறங்கு பகுதி அதைவிட வேகம், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். மார்ஃபான், லோயிஸ்-டீட்ஸ் உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாக வளரலாம்.

வீக்கம் ஒரே சீராக ஆபத்தைக் கூட்டுவதில்லை. குழாயின் விட்டம் கூடினால் அதே ரத்த அழுத்தத்திலும் சுவர் மீதான இழுவிசை கூடுகிறது, சுவர் மெலிந்தால் இன்னும் கூடுகிறது. இழுவிசை கூடியதால் மேலும் விரிகிறது, விரிந்ததால் மேலும் இழுவிசை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் எலெஃப்டெரியாடெஸ் குழுவினர் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறு பகுதி 6 செ.மீ., இறங்கு பகுதி 7 செ.மீ. எட்டும்போது ஆபத்து திடீரென்று எகிறுவதைக் கண்டார்கள். 6 செ.மீ. தாண்டியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேர் கிழிவு, வெடிப்பு, மரணம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தார்கள். அந்த மேட்டை எட்டுமுன்பே அறுவை செய்துவிட வேண்டும் என்ற இன்றைய கொள்கைக்கு இந்த வேலை பெரிய அடித்தளம்.

வளர்ந்த வீக்கம் அக்கம்பக்கத்தை அழுத்தத் தொடங்கினால் அறிகுறிகள் வரலாம். வளைவைச் சுற்றிப் போகும் குரல்வளை நரம்பு நசுங்கினால் குரல் கம்மும். உணவுக்குழாய் நசுங்கினால் விழுங்கச் சிரமம், மூச்சுக்குழாய் என்றால் இருமல். வேர் விரிந்து வால்வு இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போனால் ரத்தம் பின்னோக்கிக் கசிந்து மூச்சிரைக்கும். ஆனால் பலருக்கு முதல் அறிகுறியே கிழிவுதான்.

கிழிவு என்பது என்ன? உள் அடுக்கில் ஒரு கீறல் விழுகிறது. ஈரம் புகுந்த பிளைவுட் பலகை அடுக்கு அடுக்காகப் பிரிவதுபோல, அந்தக் கீறல் வழியே ரத்தம் நடு அடுக்கைப் பிளந்துகொண்டு குழாயின் நீளத்துக்கும் ஓடுகிறது. போகிற வழியில் மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ காலுக்கோ போகும் கிளைகளை அடைக்கலாம். வெளி அடுக்கும் விட்டுப்போனால் இதயத்தைச் சுற்றிய உறைக்குள் ரத்தம் நிரம்பி இதயத்தை நெரிக்கும். 1760இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் அரண்மனையில் சரிந்து இறந்தார். உடலை ஆராய்ந்த அரச மருத்துவர் ஃபிராங்க் நிக்கோல்ஸ் இதைத்தான் எழுதிவைத்தார்.

ஏறு பகுதியைத் தொடும் கிழிவு 'ஏ' வகை. அதைத் தொடாதது 'பி' வகை. 'பி' வகையைப் பெரும்பாலும் மருந்தால் அழுத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், சிக்கல் வந்தால் ஸ்டென்ட். 'ஏ' வகைக்கு உடனே அறுவை. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 100க்கு ஒருவர் அல்லது இருவர் இறக்கிறார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஐந்தாம் படி: அபாய வலியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்

திடீரென்று, தொடங்கும்போதே உச்சத்தில் இருக்கும் வலி. நெஞ்சிலோ முதுகில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலோ கிழிப்பதுபோல, குத்துவதுபோல. சிலருக்கு அது நெஞ்சிலிருந்து முதுகுக்கும் வயிற்றுக்கும் நகரும். மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு கையிலோ காலிலோ பலமிழத்தல் கூடவே வரலாம்.

இதை மருத்துவர்களே தவறவிடுவதுண்டு. 'ரென்ட்' இசை நாடகத்தை எழுதிய அமெரிக்கர் ஜோனதன் லார்சன் நெஞ்சுவலியோடு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போனார். உணவு நஞ்சானது, வைரஸ் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பப்பட்டார். 1996 ஜனவரி 25 அன்று, நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சிக்குச் சில மணி நேரம் இருக்கையில் பெருந்தமனி கிழிந்து இறந்தார். வயது 35.

நோய் இருப்பது முன்பே தெரிந்த உங்களுக்கு அவருக்கு இல்லாத ஒரு பலம் இருக்கிறது. அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை: "எனக்குப் பெருந்தமனி வீக்கம் இருக்கிறது, இத்தனை செ.மீ." மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் கிழிவில் அது உயிருக்கே ஆபத்து. சி.டி. எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. நீங்களே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். சி.டி. வசதியும் இதய அறுவைக் குழுவும் சேர்ந்திருக்கும் மருத்துவமனை உங்கள் ஊரிலிருந்து எது அருகில் என்று நல்ல நாளிலேயே விசாரித்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: குழாயின் மேல் விழும் பாரத்தைக் குறையுங்கள்

வீங்கிய சுவரைப் பழையபடி சுருக்கும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. அப்படிச் சொல்லி யாராவது எதையாவது விற்றால் நம்பாதீர்கள். வளர்ச்சியின் வேகத்தையும் கிழியும் வாய்ப்பையும் குறைப்பதுதான் மருந்தின் வேலை.

ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு பி.பி. மெஷின் வாங்கிக் காலையும் மாலையும் பாருங்கள். பீட்டா தடுப்பி மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் சுவரில் மோதும் வேகத்தையும் தணிக்கின்றன. மார்ஃபான் நோயாளிகளுக்கு புரோப்ரனலால் வேரின் விரிவை மெதுவாக்குவதை 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. லோசார்டான் பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பிய மருந்து. மார்ஃபான் உள்ள குழந்தைகளிலும் இளைஞர்களிலும் அதை அட்டினலால் என்ற பீட்டா தடுப்பியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 2014இல் வந்தபோது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே இன்று பயன்பாட்டில் உள்ளன. பீட்டா தடுப்பியை நினைத்த நாளில் நிறுத்தக் கூடாது, அழுத்தம் திடீரென்று எகிறும். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பீடி, சிகரெட், எந்த வடிவில் இருந்தாலும் புகையிலை அறவே கூடாது. சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மருந்துக் கடையில் எளிதாக வாங்கிச் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளிலும் கவனம் வேண்டும். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்போது இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது.

நடக்கலாம், மெதுவாக நீந்தலாம், சமதரையில் சைக்கிள் ஓட்டலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கித் தூக்குவதுதான் கூடாது. பயிற்சி பெற்ற பளுதூக்குவோரின் அழுத்தம் அந்தக் கணத்தில் 300ஐத் தாண்டியது அளந்து பதிவாகியிருக்கிறது. ஜிம் போகாதவர்களும் இதைக் கேளுங்கள். நிறைந்த சமையல் சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதைத் தூக்குவது, அரிசி மூட்டையைத் தோளேற்றுவது, நின்றுபோன வண்டியைத் தள்ளுவது எல்லாம் இதில் சேரும். மலச்சிக்கலில் முக்குவதும் சேரும், நார்ச்சத்தும் தண்ணீரும் வேண்டும். யோகாவில் மூச்சை நீண்ட நேரம் அடக்கும் பயிற்சிகளையும் தலைகீழ் ஆசனங்களையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஏழாம் படி: குடும்பத்தைப் பரிசோதியுங்கள்

அறுவை தேவையா என்று தெரிவதற்கு முன்பே இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். மார்புப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரத்த உறவிலும் இதே நோய் இருக்கிறது.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 196 செ.மீ. உயரம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் தூண். 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31. பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு மார்ஃபான் இருந்ததும் பெருந்தமனி கிழிந்ததும் தெரிந்தன. உலகத்தரம் வாய்ந்த பயிற்சியும் மருத்துவக் கவனிப்பும் பெற்ற ஒருவரின் உயரத்தை எல்லோரும் வியந்தார்கள், அதற்குப் பின்னால் நோய் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு அவருடைய தம்பியைச் சோதித்தார்கள். அவருக்கும் அதே கோளாறு. அறுவை செய்து அவரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஓர் எக்கோ. 60 வயதுக்கு முன்பே வீக்கம் வந்தவர், குடும்பத்தில் இளவயதில் காரணம் தெரியாத திடீர் மரணம் நடந்தவர், மார்ஃபான் அடையாளங்கள் உள்ளவர் ஆகியோர் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ரத்தச் சோதனையில் குறிப்பிட்ட மரபணுப் பழுது தெரிந்துவிட்டால், அது இல்லாத பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசியமில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் தடைப்படும் என்று இதை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த அச்சத்தின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களும் பிரசவத்தை அடுத்த வாரங்களும்தான் இத்தகைய பெண்களுக்குக் கிழிவு ஆபத்து கூடும் காலம். கருத்தரிப்பதற்கு முன்பே குழாயின் அளவு தெரிந்திருந்தால், தேவைப்பட்டால் அறுவையை முதலில் முடித்துவிட்டுத் தாயாகலாம். மறைத்தால் அந்த வாய்ப்பு அவளுக்கு இல்லாமல் போகிறது.

எட்டாம் படி: அறுவைக்கு நேரம் வந்ததா என்று முடிவெடுங்கள்

பொதுவாக ஏறு பகுதிக்கும் வேருக்கும் 5.5 செ.மீ. என்பது எல்லை. அறுவையின் ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு, அனுபவமுள்ள குழு 5 செ.மீ.யிலேயே செய்யலாம் என்று 2022 நெறிமுறை சொல்கிறது. மார்ஃபானுக்கு 5, குடும்பத்தில் கிழிவு நடந்திருந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ 4.5. லோயிஸ்-டீட்ஸ் உள்ளவர்களுக்கு இன்னும் முன்னதாகவே யோசிக்கிறார்கள். வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால் 4.5 செ.மீ. குழாயையும் சேர்த்து மாற்றிவிடலாம். இறங்கு பகுதிக்கு 5.5. ஒரே ஆண்டில் 5 மில்லிமீட்டரோ, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டரோ வளர்ந்தால் எல்லையை எட்டாவிட்டாலும் அறுவை. வீக்கத்தால் வலி வந்துவிட்டால் அளவைப் பார்ப்பதே இல்லை.

இந்த எண்களைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஏ' வகைக் கிழிவோடு வந்தவர்களைப் பதிவுசெய்த பன்னாட்டு ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோரின் குழாய் 5.5 செ.மீ.க்குக் குறைவாகவே இருந்தது. உயரமும் கணக்கில் வர வேண்டும். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர செ.மீ.யில் கணக்கிட்டு, உயரத்தை மீட்டரில் எடுத்து வகுத்தால் 10 அல்லது அதற்கு மேல் வருகிறதா என்று பார்க்கும் முறையைச் சராசரியைவிட மிகக் குள்ளமானவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் அதே நெறிமுறை ஏற்கிறது. 150 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 4.4 செ.மீ.யிலேயே இந்த எல்லை வந்துவிடுகிறது. "5.5 ஆகட்டும் பார்க்கலாம்" என்று உங்கள் அம்மாவிடம் யாராவது சொன்னால், அவருடைய உயரத்தைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

ஒன்பதாம் படி: எந்த அறுவை என்று தெரிந்துகொண்டு போங்கள்

வீங்கிய துண்டை வெட்டிவிட்டு டாக்ரான் என்ற பாலியஸ்டர் துணிக் குழாயைத் தைப்பதுதான் அடிப்படை. 1950களில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி நைலான் வாங்கத் துணிக்கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக வந்திருக்கிறது என்று டாக்ரானைக் கொடுத்தார்கள். அதை வீட்டில் மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்துப் பார்த்தார். 1956இல் அவரும் டென்டன் கூலியும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஏறு பெருந்தமனியை மாற்றினார்கள்.

வேரும் வால்வும் சேர்ந்து கெட்டிருந்தால் பென்டால் அறுவை. லண்டனில் ஹியூ பென்டால் 1968இல் வெளியிட்ட முறை இது. வால்வு பொருத்திய துணிக் குழாயைத் தைத்து, அதில் துளையிட்டு இரண்டு கரோனரி தமனிகளையும் இணைப்பார்கள். உலோக வால்வு என்றால் நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையும் உண்டு. திசு வால்வுக்கு அந்தத் தொல்லை இல்லை, சில ஆண்டுகளில் தேயும். உங்கள் சொந்த வால்வு நன்றாக இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றிலும் குழாயை மட்டும் மாற்றும் முறையை டொரான்டோவின் டைரோன் டேவிட் உருவாக்கினார். பிள்ளை பெற வேண்டிய இளம் பெண்ணுக்கும், மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்க வசதியில்லாத ஊரில் இருப்பவருக்கும் என் மனம் இதையே நாடுகிறது. ஆனால் இதில் கைதேர்ந்தவர்கள் குறைவு. ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வளைவை மாற்றும்போது மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தொட வேண்டியிருக்கும். அதனால் உடலைக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, மூளைக்கு மட்டும் தனியே ரத்தம் செலுத்திக்கொண்டே தைப்பார்கள். பக்கவாதம்தான் இங்கே பெரிய அச்சம். இறங்கு பகுதி அறுவையிலோ தண்டுவடத்துக்குப் போகும் சிறு தமனிகள் அடைபட்டுக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்கத் தண்டுவட நீரை வடித்து அழுத்தம் குறைப்பதுண்டு.

இறங்கு பகுதிக்கு இன்று முதலில் யோசிப்பது ஸ்டென்ட் கிராஃப்ட். தொடைத் தமனி வழியே சுருட்டிக் கொண்டுபோய் உள்ளே விரிக்கிறார்கள். 1987இல் கார்கிவ் நகரில் நிக்கலாய் வொலோடோஸ் இதை முதலில் செய்தார். 1994இல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் டேக் குழுவினர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் ஸ்டென்டைச் சுற்றி ரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுவதும் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நோயாளி ஒருவரே கண்டுபிடித்த சிகிச்சையும் உண்டு. இங்கிலாந்துப் பொறியாளர் டால் கோல்ஸ்வொர்தி மார்ஃபான் உள்ளவர். குழாயை ஏன் வெட்ட வேண்டும், வெளியிலிருந்து அணைகட்டினால் போதாதா என்று கேட்டார். தன் ஸ்கேன் படங்களிலிருந்து பெருந்தமனியின் அச்சை உருவாக்கி, அதன் மேல் பாலியஸ்டர் வலையுறையைப் பின்னச் செய்தார். 2004இல் லண்டனில் அந்த உறையை முதலில் அணிந்ததும் அவருடைய பெருந்தமனிதான். பிறகு பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்திருக்கிறார்கள். வேர் அதிகம் விரியாத, வால்வு நன்றாக உள்ள சிலருக்கே இது பொருந்தும்.

டாக்ரான் குழாய் தைத்த டிபேக்கியின் கதை அத்தோடு முடியவில்லை. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருடைய பெருந்தமனியே கிழிந்தது. முதலில் அறுவை வேண்டாமென்றார். சில வாரங்களில் நினைவிழந்த நிலைக்குப் போனபின் 2006 பிப்ரவரியில் அவருடைய சகாக்களே அறுவை செய்தார்கள். பல மாதங்கள் கழித்து வீடு திரும்பி, 2008 வரை வாழ்ந்தார்.

செலவைப் பற்றி: தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்களுக்குச் சொன்ன அறுவையின் பெயரை எழுதிக்கொண்டு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். செயற்கைக் குழாயும் வால்வும் தொகுப்பில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

பத்தாம் படி: அறுவைக்குப் பிறகும் கண்காணிப்பைத் தொடருங்கள்

மார்பெலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று மாதம்வரை பாரம் தூக்க வேண்டாம், இருசக்கர வண்டி எப்போது ஓட்டலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். காய்ச்சலோ தையலில் கசிவோ வந்தால் காத்திருக்காமல் போங்கள்.

மாற்றியது ஒரு துண்டைத்தான். மிச்சமிருக்கும் பெருந்தமனியும் அதே சுவர்தான். மார்ஃபான் உள்ளவருக்கு வேரைச் சரிசெய்து பத்து ஆண்டுகளுக்குப் பின் இறங்கு பகுதி வீங்குவது புதிதல்ல. ரத்த அழுத்த மாத்திரை தொடரும், ஸ்கேனும் தொடரும், இடைவெளி மட்டும் கூடலாம். அறுவை விவரச் சுருக்கத்தில் பொருத்திய குழாயின் வகையும் அளவும் வால்வின் வகையும் எழுதியிருக்கும். அதை நகலெடுத்து ஒன்றைப் பர்ஸிலும் ஒன்றை நோட்டிலும் வையுங்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கவோ வேர் சிகிச்சைக்கோ போனால், தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் அந்த நகலைக் காட்டிக் கிருமித்தடுப்பு மருந்தின் ஒரு வேளை அளவைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகே நாற்காலியில் உட்காருங்கள்.